வளைவுக் கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள் உன் மகள்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீ மனு மேல் மனு கொடுத்து மலைப்பாதை வளைவில் வைக்கச் செய்தாயே ஒரு கண்ணாடி, அதற்கு உன் மகள் மலர் பொட்டு வைத்துவிட்டாள். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்தால் வேறொரு செய்தி முந்துகிறது. வரிசையாகவே சொல்கிறேன். வாத்தியார் புத்தி, உனக்குத் தெரியாததா?

மலர் உண்டாகியிருக்கிறாள். ராசிபுரத்தில் முதல் ஸ்கேன் எடுத்தபோது, பை தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை, நாள் பத்தாமல் இருக்கலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினோம். போன தடவை கலைந்தபோது நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். இந்தத் தடவை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கோழிக்குத் தீனி போட்டாள், மிளகைக் காயவைத்தாள், கூப்பிட்டால் மட்டும் பேசினாள்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. உன் மருமகன் குமார் காருக்குச் சந்தனம் பூசி முடித்ததும், மிச்சச் சந்தனத்தோடு மலர் அவனை வளைவுக்குக் கூட்டிப்போய், தடுப்புச் சுவரில் ஏறச்சொல்லி, கண்ணாடிக்கு நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசவைத்து, மேலே குங்குமமும் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை மூவரும் ஸ்கேனுக்குக் கிளம்பினோம். வளைவில் அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"யாரு வேலை சாமி இது?"

"நாந்தான் மாமா. பஸ்ஸுக்கு வெக்கறோம், லாரிக்கு வெக்கறோம். எங்கப்பன் வாங்கி வெச்ச கண்ணாடிக்கு வெக்காம உடுவனா?"

"வெச்சது சரி கண்ணு. வெச்ச எடந்தான் சரியில்ல."

முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நிற்பவரை மட்டும் காட்டும். சொம்பின் வெளிப்புறத்தைப் பார், சமையலறை முழுக்க அதற்குள் இருக்கும். வளைவுக் கண்ணாடியும் அப்படித்தான். வெளியே உப்பிய பரப்பு நாலா பக்கத்து வெளிச்சத்தையும் வாங்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அத்தனையையும் அடக்குவதால் எல்லாம் சிறுத்துவிடும். தூரத்தில் வரும் லாரி மிளகளவு. அந்த மிளகு தோன்றுகிற இடத்தில்தான் உன் மகளின் பொட்டு. இதைச் சொன்னதும் குமார், "அதானுங்களே, நேத்திருந்து எதுக்க ஒரு வண்டியுமே வல்லீங்களேன்னு பாத்தேன்" என்றான். மலர் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு வாரத்தில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நடுவைத் துடைத்து, பொட்டை விளிம்புக்கு நகர்த்திவிட்டுப் புறப்பட்டோம்.

இரண்டு வளைவு இறங்கியதும் மூடுபனி. முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கும் பாதை உனக்குத் தெரியாததில்லை. குமார் விளக்கைப் போட்டான். போட்டதும் எதிரே வெள்ளைச் சுவர். பனியில் ஒவ்வொரு நீர்த்துளியும் வெளிச்சத்தைக் கண்ட பக்கமெல்லாம் வாரி இறைக்கிறது, அதில் ஒரு பங்கு நம் கண்ணிலேயே வந்து விழுகிறது. விளக்கைக் கூட்டக் கூட்டச் சுவர்தான் கெட்டியாகும். இதை நான் விளக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, பாடம் நடத்தறதா இருந்தா சுருக்கா நடத்துங்க. ஸ்கேனுக்குன்னு ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

குமார் ஓரங்கட்டி ஆரன் அடித்தான். பதிலுக்கு ஓர் ஆரன் கேட்டது. அது வந்த திசையில் சாலையே இல்லை. வெறும் பாறை.

"யாருங்க மாமா பாறைக்குள்ள ஆரன் அடிக்கறது?" என்றாள் மலர்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது மாப்பிள்ளை. "பாறைக்குள்ள ஒரு லாரி ஓடுது மச்சான், அது எனக்கு மட்டுந்தான் கேக்கும்" என்று நீ சொல்லும்போதெல்லாம் எத்தனை கேலி செய்திருப்பேன்! முப்பது வருடம் இந்த மலையில் பஸ் ஓட்டியவன் சொன்னதை, முப்பது வருடம் எதிரொலிப் பாடம் நடத்தியவன் காதில் வாங்கவில்லை. கீழே மறைவில் வரும் வண்டியின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி நமக்கு வருகிறது. கேரம் போர்டில் காய் எந்தச் சாய்வில் போய்க் கட்டையில் மோதுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்புமே, அப்படி. ஒலியின் அலை பெரியது, பனித்துளியைச் சட்டையே செய்யாது. வெளிச்சத்துக்கு நீ வைத்த கண்ணாடி, சத்தத்துக்கு மலை வைத்த பாறை. இரண்டுக்கும் சட்டம் ஒன்றே.

எதிரொளி, எதிரொலி இரண்டையும் மாற்றி எழுதாத பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. ளகரத்தைச் சுழித்துச் சுழித்துச் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது. அந்தப் பனியில் நின்றபோது, அவர்கள் அவ்வளவு பெரிய தப்பொன்றும் செய்யவில்லை என்று தோன்றியது.

காத்திருந்தோம். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசாத குறையாக மேலே ஏறிப் போனது.

ஸ்கேன் அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். குமார் என்னை முன்னால் தள்ளினான். "எங்கப்பா இப்ப உசுரோட இல்லீங்க, மாமா வரட்டுமுங்க" என்றாள் மலர். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரைப் பக்கம் நிற்கச் சொன்னார். மலர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அந்தக் கருவி அனுப்புவதும் ஒலிதான், நம் காதுக்கு எட்டாத ஒலி. தோலைத் தாண்டும், நீரைத் தாண்டும். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரும்பி வரும், மீதி உள்ளே போகும். திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிட்டு, புள்ளி புள்ளியாகப் படம் போட்டுவிடுகிறது. கிணற்றடியில் பிள்ளைகளை நிறுத்திக் கைதட்டச் சொல்லி எதிரொலி நடத்தியவன் நான். அதே எதிரொலி, இருட்டுக்குள் யாரும் பார்த்திராத ஒருவரை வரைந்து காட்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். எதிரில் நின்று பார்த்ததில்லை.

கறுப்பாக ஒரு பை. அதன் ஓரத்தில் அவரைக்கொட்டை அளவு வெளுப்பு. டாக்டரம்மா கையை அசைக்காமல் வைத்திருந்தார். அந்த வெளுப்பின் நடுவில் ஏதோ மினுங்கியது. மறுபடியும். நிற்கவே இல்லை.

"துடிக்குதும்மா. நல்லாவே துடிக்குது" என்றார்.

மலர் கண்ணைத் திறக்கவில்லை. "மாமா, நீங்க பாத்தீங்களா? மெய்யாலுமே உள்ளதான் துடிக்குதா, இல்ல மிசினு துடிக்குதா?"

எத்தனை வகுப்புகளில் எத்தனை கேள்விகள்! இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. "மிசினு கேள்விதான் கேக்குது கண்ணு. பதில் சொல்றது உள்ள இருக்குது" என்றேன். அதற்கப்புறந்தான் திறந்தாள். திறந்தவள் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நான் திரையைப் பார்த்தேனா அவளைப் பார்த்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உனக்கு அங்கிருந்து எது தெரிந்தது?

அடுத்த ஸ்கேன் மாதக் கடைசியில். இனி ஒவ்வொரு தடவையும் நானே உடன் போவேன். பயத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டால், அவள் திறக்கும்வரை உனக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டிய,
வாத்தியார் மச்சான்