பத்தேகால் டீ

சென்னை தலைமை அலுவலகம்
31.5.2024

அன்புள்ள பென்னி,

கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியின் வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய செய்தி. மூன்று கூட்டங்கள், ஒரு துணைக்குழு, ஒரு மறுபரிசீலனை ஆகியவற்றுக்குப் பிறகு, காலை டீ பத்தரையிலிருந்து பத்தேகாலுக்கு மாற்றப்பட்டுள்ளது. திங்கள் முதல் அமல். கேன்டீன் வண்டி இனி ஒரே சுற்றில் இரண்டு ஷெட்டையும் முடிக்கும். முன்மொழிந்தவன் நான். எதிர்ப்பே இல்லை.

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் கடிதம். மணவாள நகரிலிருந்து இன்னும் ரயில் மாறி மாறித்தான் வேலைக்குப் போகிறாயா? வீட்டில் அருணாவை விசாரித்ததாகச் சொல்.

குணா

கும்மிடிப்பூண்டி
5.6.2024

அன்புள்ள குணா,

எதிர்ப்பு இல்லாததற்குக் காரணம், என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டாவது லேடிலில், அந்த ஊற்று வாளியில், இரும்புக் குழம்புக்கு மக்னீசியம் போடுவது பத்து பத்துக்கு. அடுத்த பத்து நிமிடத்துக்குள் அச்சில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசியம் ஆவியாகிவிடும். திங்களன்று பாதி ஊற்றியபோது டீ வண்டி வந்தது. "ஆறிப்பூடும், வாங்கப்பா!" என்றார் வண்டி தள்ளி வந்த கன்னியம்மா. கிரேனில் இருந்த அந்தோணியும் இறங்கிவிட்டான். ஓடிப்போய்க் கேட்டேன். "இரும்பு கொதிச்சிக்கினுதான் கீது சார், டீதான் ஆறுது. ஒரு கிளாஸ் நீங்களும் அடிங்க" என்றான்.

மீதியை ஊற்றியபோது பத்து முப்பத்திரண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் அழகான வார்ப்புகள். மைக்ராஸ்கோப்பில் கிராஃபைட் உருண்டையாக இல்லை, புழு புழுவாக இருக்கிறது. பேருந்து பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள், நூற்றுப் பதினான்கு. அழுத்தினால் உடையும். சரக்கை அனுப்பக் கையெழுத்துப் போட மாட்டேன்.

பென்னி

சென்னை
7.6.2024

அன்புள்ள பென்னி,

நம்மோடு மெட்டலர்ஜி படித்த முப்பத்தெட்டு பேரில் இன்னும் உலைக்குப் பக்கத்தில் நிற்பவன் நீ மட்டும்தான். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற தாவீதின் மகன். நீ சேர்ந்தபோது நூறு வார்ப்பில் பதினெட்டு வீணாகும், இப்போது இரண்டு. அதைச் சாதித்தவை தரச் சான்றிதழ்கள் என்று வரவேற்பறைச் சுவரில் எழுதியிருக்கிறோம். சாதித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த ஒரு தடவை போட்டுவிடேன். சனிக்கிழமை சரக்கு போக வேண்டும். நிறுத்தினால் காரணம் கேட்பார்கள். கூட்டக் குறிப்பில் 'முன்மொழிந்தவர்' என்று என் பெயர் இருக்கிறது. என் வேலைக்கே ஆபத்து.

குணா

கும்மிடிப்பூண்டி
10.6.2024

அன்புள்ள குணா,

நூற்றுப் பதினான்கையும் உடைத்து உலையில் போட்டாயிற்று. அந்தோணிதான் உடைத்தான். முதல் அடியிலேயே ஒன்று இரண்டானது. "யப்பா, இதையா சார் பஸ்ல மாட்டுவாங்க?" என்றான்.  அன்று அவன் டீ குடிக்கவில்லை.

அறிக்கையில் காரணம் 'டீ நேர மாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். உன்னிடம் சொல்லாமல் சொல்லக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். 

பென்னி

சென்னை
14.6.2024

அன்புள்ள பென்னி,

அவர்கள் உன்னிடம் கேட்கும் முன், முன்மொழிந்தவன் நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். உடைந்த துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பு, மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

திங்கள் முதல் டீ மறுபடி பத்தரைக்கு. என்னை ஓசூர் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள்.

குணா