ஊறல் தொட்டியும் கல்லூரிப் பெஞ்சும்

1964 ஜூன் 1, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, கல்லூரி வாசலில் இறங்கினேன். வயது நாற்பத்து மூன்று. கையில் புது நோட்டு. வாட்ச்மேன் கேட்டார்: "பையனுக்கு அட்மிஷனுங்களா?" எனக்குத்தான் என்றேன். நம்பவில்லை.

ஏற்பாடு இதுதான். கல்லூரி, பி.எஸ்ஸி. முடித்த ஒருவரை எங்கள் அரிசி ஆலைக்கு அனுப்பும். ஆலை தன் ஃபோர்மேனை, அதாவது என்னை, இரண்டு வாரம் இங்கே அனுப்பும். விடுமுறை, லேப் காலி. கடைசியில் பரீட்சை. பாஸானால், நெல் ஊறவைக்கப் புதிதாகக் கட்டிய வெந்நீர்த் தொட்டி என் பொறுப்பு. இல்லாவிட்டால் சந்தானத்துக்கு. அந்த பி.எஸ்ஸி. அவர்தான். நல்ல பிள்ளை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 2

பாடம் நடத்துபவர் கெமிஸ்ட்ரி லெக்சரர் லூர்துசாமி. இனி லூ. சார். என்னைவிடச் சின்னவர். என்னோடு பெஞ்சில் வேறு ஆலைக்காரர்கள் இரண்டு பேர்.

ஈரப்பதம் பார்க்கும் சோதனை. நெல்லை எடை போட்டுக் கிண்ணியில் வைத்தார். நான் வழக்கம்போல நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தேன். காய்ச்சல் பதம் பார்க்க எனக்குப் பல் போதும். சார் திரும்பி வந்து, கிண்ணியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஐயா, அது எடை போட்ட நெல்லுங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து. பெஞ்சில் ஒரே சிரிப்பு.

வாங்க வேண்டியது: பென்சில், ரப்பர், தைலம். தலைவலி.

ஜூன் 4, வியாழன்

மேகம். மழை இல்லை.

இன்று மைக்ராஸ்கோப். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். குச்சி குச்சியாக என்னவோ நெளிகிறது.

"சாக்கடைத் தண்ணிங்களா?"

"உங்க தொட்டித் தண்ணிங்க. சந்தானம் கொண்டாந்து குடுத்தார். பச்சைத் தண்ணியில மூணு நாள் ஊறுதில்ல, நெல் புளிச்சுப் போகுது. அந்த வாடைதான் அரிசியில ஏறிடுது."

வாடை வந்தால்தான் நெல் ஊறியிருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக ஆட்களுக்குச் சொல்லி வருகிறேன். வாடை வராவிட்டால் திட்டியும் இருக்கிறேன். சார்மேல் கோபம். சந்தானத்தின் மேல் அதைவிட. பஸ்ஸில் வரும்போதுதான் என்மேல்.

ஜூன் 7, ஞாயிறு

பாலத்தடியில் இன்னும் மணல்தான். மேட்டூர் திறந்தால்தான் ஆற்றில் தண்ணீர்.

வீட்டுக்காரி கமலா நோட்டைப் பிடுங்கிக் கேள்வி கேட்டாள். வெந்நீரில் எத்தனை மணி? ஏன் ஆறவிடக் கூடாது? இரண்டு தப்பு. "என்னங்க, ஆளுங்களை மட்டும் அந்த அதட்டு அதட்டுறீங்க!" என்றாள். பிறகு, "ஃபெயிலானா என்ன ஆகும்?" என்று மெதுவாக. சந்தானத்திடம் கைகட்டி நிற்கணும் என்றேன். அவள் வாழைக்காய் வறுவல் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

ஜூன் 12, வெள்ளி

பரீட்சை. எழுத்து காலையில். சுமார்.

மதியம் செய்முறை. மூன்று தட்டில் அரிசி. எது சரியில்லை, காரணம் என்ன என்று எழுத வேண்டும். சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எங்கள் முதலாளியே வந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தட்டைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் ஆலை அரிசி. முதலாளி எதிரில். பென்சிலை எடுத்து வைத்து, எடுத்து வைத்து... இரண்டாவது தட்டு என்று எழுதினால் அவருக்கு மானம் மிஞ்சும், எனக்குத் தொட்டி போகும். மூன்று என்று எழுதினால் இரண்டுமே போகலாம்.

எழுதினேன்: "மூன்று. தண்ணீர் மாற்றாமல் நாள்கணக்கில் ஊறிப் புளித்தது. காரணம், ஃபோர்மேன்."

லூ. சார் படித்துவிட்டு முதலாளியிடம் நீட்டினார். "முழு மார்க்குங்க."

முதலாளி கண்ணாடி போட்டுப் படித்தார். "இது யாரு அரிசி?"

"நம்மதுங்க."

அவர் எழுந்து காரில் போய்விட்டார். சர்டிஃபிகேட்டும் அவரோடு போயிற்று, கையெழுத்து இல்லாமல். நான் பஸ்ஸில்.

ஜூன் 13, சனி

காற்று. களத்தில் காய்ந்த நெல்லைச் சாக்குப் போட்டு மூடினோம்.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். நேராக என்னிடம்.

"நேத்து சாப்பிடறப்ப சோத்தை மோந்து பார்த்தேன்யா. இத்தனை நாளு எப்படித் தெரியாம போச்சு?"

"மூக்கு பழகிடுச்சுங்க. எனக்கும்தான்."

சர்டிஃபிகேட்டை மடித்தபடியே நீட்டினார். கையெழுத்து இருந்தது. "புதுத் தொட்டியை எப்ப நிரப்பப் போற?"

"திங்கக்கிழமைங்க. சந்தானமும் கூட நிக்கணும். சூடு பார்த்து எழுத ஆள் வேணும்."

பழைய தொட்டிகளின் அடைப்பை நானே பிடுங்கினேன். மூன்று நாள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் போயிற்று. பதினெட்டு வருஷம். கண் கலங்கிவிட்டது. சந்தானம் பார்த்துவிட்டு, "என்ன ஃபோர்மேன் சார்?" என்றார்.

வாடை தாங்கலை என்றேன்.