இறங்காத கொடி

லாஹ்தி
6 ஜனவரி 1998

அக்கா இர்மெலி அவர்களுக்கு,

‘அவர்களுக்கு’ என்று போட்டதிலேயே என் கோபம் புரிந்திருக்கும்.

நேற்று ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில், தாவுமேடை உச்சியில், பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பயிற்சியாளர் மேடையில் நீ கொடியை உயர்த்திப் பிடித்தபடி நின்றாய். காற்று பார்த்து நீ அதை இறக்கினால்தான் நான் கிளம்ப வேண்டும். இதோ இறக்குவாய், இதோ இறக்குவாய் என்று பார்த்தேன். நேரம் முடிந்து விளக்கு சிவப்பாகிவிட்டது. என் பெயரை அடித்துவிட்டார்கள். பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை ஜனம் பார்க்கப் படிக்கட்டில் இறங்கி வந்தேன். முப்பத்திரண்டு வயதில் இனி எனக்கு ஏது இன்னொரு ஒலிம்பிக்?

எனக்கு அடுத்துக் குதித்த தெப்போ, அதே காற்றில் நூற்றுப் பதினெட்டு மீட்டர் பறந்தான். ஒலிம்பிக்குக்கு ஜப்பானுக்கு அவன்தான் போகிறான். “உங்க அக்கா நின்னுக்கிட்டே தூங்கிட்டாங்களாடா?” என்று என்னிடமே கேட்கிறான்!

கொடியைப் பார்க்காமல் நானே கிளம்பியிருக்கலாம். “பொம்பளை கொடி புடிச்சா குதிப்பியா?” என்று கிளப்பில் சிரித்தபோது, “எங்க அக்கா கொடி இறங்காம எந்திரிக்கவே மாட்டேன்” என்று சொன்ன மடையன் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நீ ஏன் இறக்கவில்லை?

ரிஸ்தோ

குவோபியோ
10 ஜனவரி

அன்புத் தம்பி ரிஸ்தோ,

‘அவர்களுக்கு’ எல்லாம் உன் கிளப் தலைவருக்கு எழுது. உனக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான்.

காற்று சரியில்லை. பின்காற்று முதுகில் அழுத்தினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? போன மார்ச்சில் விழுந்தாயே, நீ கண் திறக்கும்வரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது தெப்போவா? அவன் அன்று தப்பித்தது அவன் அதிர்ஷ்டம். என்னை யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

கோபத்தில் பட்டினி கிடக்காதே. பஸ்ஸில் மீன் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடு, இனி குதிப்பதற்காக எடை பார்க்க வேண்டியதில்லையே.

இர்மெலி அக்கா

லாஹ்தி
14 ஜனவரி

அக்கா,

எடை பார்க்க வேண்டியதில்லையா! என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டு ரொட்டியும் அனுப்புகிறாய். அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டிவியில் எடுத்த பதிவைப் போட்டுப் பார்த்தேன். உனக்குப் பக்கத்தில் காற்று பார்க்கக் கட்டிய நாடா, எதிர்க்காற்றில் படபடக்கிறது. ஆளைத் தூக்கிக்கொடுக்கும் காற்று! நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். காற்றின் மேல் பழி போடாதே.

ரிஸ்தோ

குவோபியோ
19 ஜனவரி

ரிஸ்தோ,

சரி, காற்று நன்றாகத்தான் இருந்தது.

மேலே நீ முன்னால் குனிந்ததும் அந்த மார்ச் மாதம்தான் கண்ணுக்குள் வந்தது. கையை இறக்கு, இறக்கு என்று எனக்கு நானே சொன்னேன். இறங்கவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். திட்டுவதற்காவது நீ இருக்கிறாயே. திட்டு.

அக்கா

லாஹ்தி
25 ஜனவரி

அக்கா,

திட்டத்தான் போகிறேன். “எனக்குப் பயமா இருக்குடா, வேற யாராவது கொடி புடிக்கட்டும்” என்று நான் மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைத் தேற்றிவிட்டு, வேறு ஆளை நிறுத்திவிட்டுக் குதித்திருப்பேன். உன் பயத்துக்கு என்னிடம் கேட்காமலேயே என் ஒலிம்பிக்கைக் கொடுத்துவிட்டாய். என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச்சில் குவோபியோவில், நம் மலைத் தாவுமேடையில், கடைசியாக ஒருமுறை குதிக்கிறேன். தெப்போவின் பயிற்சியாளர் கொடி பிடிக்கிறார். நீ மேடை ஏறக் கூடாது. இனி எப்போதும் எனக்குக் கொடி பிடிக்கக் கூடாது. கீழே ஜனங்களோடு நில். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்.

வரும்போது மீன் ரொட்டி சுட்டு எடுத்து வா. குதித்த பிறகுதான் தொடுவேன். அதுவரைக்கும் எடை பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பி