மச்சாளுக்கு முந்திப் பூத்தது

செப். 24, புதன்

மறுபடியும் சிறோக்கோ, இத்தாலியின் தெற்கே வீசும் சூட்டுக்காற்று. நேற்றுத் துடைத்த சன்னலில் இன்றைக்கும் செம்மண் தூசி. உடுப்புத் தோய்க்கவில்லை.

செய்ய: பால் இரண்டு. பேத்தி ஸ்டெல்லாவின் பள்ளிக்கூட மேலங்கிக்குப் பொத்தான். மருமகள் ஜெனியின் ஸ்கான் கடுதாசியைப் பத்திரமான இடத்தில் வைக்க.

பின்முற்றத்தில் முளை வந்துவிட்டது. இலை இல்லை, தண்டு இல்லை, மண்ணைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாய் ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று. குந்தியிருந்து பார்த்துப் பார்த்து முழங்கால் பிடித்துக்கொண்டது. வேலைவீட்டுச் சிஞ்ஞோரா தந்த கிழங்கு வீண்போகவில்லை.

மொண்டெல்லோக் கடற்கரையில் அவர் வீட்டில் இவ்வளவு காலம் வேலை செய்தேன். ஆடியில் வீட்டை விற்றுவிட்டு மகளோடு வடக்கே போனார். போகும்போது, தோட்டத்தில் பிடித்ததை எடுத்துக்கொள் என்றார். வேறு ஆளென்றால் எலுமிச்சைச் சட்டியைத் தூக்கியிருக்கும். நான் மரத்தடியில் கிடந்த கிழங்குகளைக் கிண்டினேன். என்ன பூ என்று கேட்டதற்கு "சஃபெரானோ பஸ்தார்தோ" என்றார். சஃபெரானோ என்றால் குங்குமப்பூ, அது எனக்குத் தெரியும். மற்றது அவருடைய வாய்ப்பழக்கம். லிஃப்ட் நின்றாலும் பஸ்தார்தோ, பூனை வந்தாலும் பஸ்தார்தோ, வெயிலுக்கும் அதே ஏச்சு.

ஒருவருக்கும் சொல்லவில்லை. முக்கியமாய் றோசலினுக்கு.

செப். 26, வெள்ளி

காற்று நின்றது. எலும்புக்கு இதம்.

றோசலின் ஆரென்று இங்கே எழுதவே தேவையில்லை, ஆனாலும் மனம் ஆற எழுதுகிறேன். மருமகள் ஜெனியின் தாய். ஸ்டெல்லாவுக்கு அவள் அம்மம்மா, நான் அப்பம்மா. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நாலாம் மாடி, பெரிய பல்கனி. பத்தாம் வகுப்புச் சோதனை எழுதினவள். நான் ஐந்தோடு நின்றவள். நேரில் "அவ", "மச்சாள்". இந்தக் கொப்பியில் "அவள்". இனி றோ. என்றே எழுதுவேன், முழுப்பெயருக்கு மை வீண்.

போன மார்கழி ஸ்டெல்லாவின் பிறந்தநாளுக்குப் பாயாசம் கொண்டுவந்தாள். அதில் அவளே சட்டியில் வளர்த்த குங்குமப்பூ. சிவப்பு இழையைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து அதையும் கொண்டுவந்தாள். பாயாசத்தை ஆர் பார்த்தது? போத்தல்தான் கைக்குக் கை போனது. விடிய எழும்பி நான் அவித்த கொழுக்கட்டை மூடி திறவாமல் கிடந்தது. ஸ்டெல்லா அந்தப் போத்தலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தாள். என் வீட்டில். நான் துவைத்த தலையணை உறை.

இப்போது ஜெனிக்கு ஐந்தாம் மாதம். குங்குமப்பூப் பால் குடிக்கிற காலம். "நிறம் வெளுக்க வேண்டாம் மாமி, கறுப்பாப் பிறந்தா என்ன" என்று சிரிக்கிறாள். நிறத்துக்கு ஆர் அழுதது? முதல் பிள்ளைக்கு எல்லாம் அவள் தாய் செய்தாள். இந்தப் பிள்ளைக்கு என் கையால், என் மண்ணில் வந்த பூ. அவ்வளவுதான் வேண்டும்.

செப். 27, சனி

பூத்துவிட்டது.

கத்தரிப்பூ நிறம். கோப்பை அளவு. ஒன்றில்லை, கூட்டமாய். இலையே இல்லாமல் நிலத்தில் இருந்து நேரே பூ. படம் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டேன். கொழும்புத் தங்கச்சி இதயம் போட்டாள். கனடா மகள் குரலில் பேசி அனுப்பினாள். றோ. இரண்டு கைதட்டு. வார்த்தை ஒன்றுமில்லை. அவள் சட்டிகளில் இன்னும் வெறும் மண் என்று ஜெனி வாய்தவறிச் சொன்னாள். இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன்.

ஒரு சின்ன விசயம். நடுவில் சிவப்பு இழை இல்லை, மஞ்சள். காய்ந்தால் சிவக்குமாக்கும். ஆரையும் கேட்க முடியாது, கேட்டால் அவள் காதுக்குப் போகும்.

செப். 28, ஞாயிறு

பூசை. சுவாமி நீளமாய்ப் பிரசங்கித்தார். முடிந்து தேவாலயப் படியில் நின்றபோது றோ. வந்தாள். நீல நிறச் சேலை, புதுசு.

"மச்சாள், என்ரை பூ ஐப்பசிக் கடைசியிலதான் வரும். உங்கடை என்னெண்டு இப்பவே?"

கைராசி என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், எனக்காகத்தான். ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றாள். வாங்கோ வாங்கோ என்றேன். வரட்டும், வெந்து போகட்டும்.

இறால் விலை ஏறிவிட்டது.

அக். 1, புதன்

வெயில், ஆனால் சுடவில்லை. காலையில் நன்றாய் விரிந்த பூக்களை மட்டும் நுள்ளி மஞ்சள் இழைகளை வெள்ளைத் தாளில் பரப்பினேன். மாலையில் சுருங்கியது. சிவக்கவில்லை. மணமும் பெரிதாய் இல்லை. போத்தல் கழுவிக் காயவைத்தேன். மூடி தங்க நிறம். றோ. போத்தலின் மூடி வெறும் தகரம்.

ஞாயிறு மத்தியானம் றோவும் புருசனும் சாப்பிட வருகிறார்கள். அன்றைக்கே பால். அவள் கண் முன்னால்.

அக். 4, சனி

எழுத்துக் கோணல்.

மீன் வாங்க வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போய் வந்தேன். வந்தால் பின்முற்றத்தில் றோ. என் பூவுக்கு முன்னால் குந்தியிருக்கிறாள், தோளில் ஸ்டெல்லா தொங்குகிறாள். கையில் ஒரு பூ. பிய்த்தது. இதழை விரித்து எண்ணுகிறாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. இது வேறை பூ. இதில ஆறு மஞ்சள் தும்பு இருக்கு. என்ரையில மூண்டு சிவப்பு. ஜெனிக்குக் குடுக்காதேங்கோ."

எனக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. நான் முந்திவிட்டேன், அது பொறுக்கவில்லை, அதுதான் எண்ணத் தொடங்கினாள். ஆறு என்றால் மூன்றைவிடக் கூட. அதுவும் குறையாம்.

"உங்கடை மகளுக்கு நான் நஞ்சு குடுப்பனெண்டோ சொல்லுறியள்?"

அவள் பூவைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டெல்லா, நானும் அம்மம்மாவோடு என்று செருப்பு மாறிப் போட்டபடி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மீன் வெயிலில் கிடந்துவிட்டது.

அக். 5, ஞாயிறு

மழைத் தூறல். எல்லாவற்றையும் ஒழுங்காய் எழுத வேண்டும்.

மகன் அருளுக்கு மொண்டெல்லோவில் வேலை, ரெஸ்டோரண்டில் ஞாயிறு லீவு கிடையாது. நாங்கள் மட்டும். சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வல்லாரை கிடைக்கவில்லை. சாப்பிட்டு முடிய நான் பால் காய்ச்சினேன். இழையைப் போட்டேன். நிறம் ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டேன். வெள்ளிக் கோப்பையில் ஊற்றி ஜெனியின் கையில் கொடுத்தேன். எல்லோரும் பார்க்க.

ஜெனி வாய்க்குக் கொண்டுபோனாள். றோ. எழும்பி வந்து கோப்பையை வாங்கினாள். மெதுவாய், பிள்ளையிடம் வாங்குகிற மாதிரி.

"சூடாக் கிடக்கு. ஆறட்டும்."

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. அவள் புருசன் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்கிறார். எனக்கு மட்டும் விளங்கியது. என் வீட்டில், என் பாலை, என் மருமகளுக்குத் தராமல்.

குசினிக்கு வாங்கோ மச்சாள் என்றேன். கோப்பையோடேயே வந்தாள். கதவைச் சாத்தினேன். அவள் காதாலேயே கேட்கட்டும் என்று சிஞ்ஞோராவுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். சுகம் கேட்டேன். பிறகு, நீங்கள் தந்த சஃபெரானோ அருமையாய்ப் பூத்தது, மருமகளுக்குப் பாலில் போட்டிருக்கிறேன் என்றேன்.

சிஞ்ஞோரா கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. குடித்தாளா, குடித்தாளா என்று. இல்லை என்றதும் மூச்சு விடுகிற சத்தம். பஸ்தார்தோ என்று சொன்னேனே, காது கேட்கவில்லையா என்றார். அது ஏச்சு இல்லையாம். அந்தப் பூவின் பெயரே அதுதானாம், போலிக் குங்குமப்பூ என்று அர்த்தமாம். குங்குமப்பூ மாதிரி வேசம் போடுகிற வேறு பூ. கிழங்கு, பூ, இழை எல்லாம் நஞ்சு. காய்ச்சினாலும் போகாது. பார்க்கத்தானே கொண்டுபோனாய், சமைப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அழுதார்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஏசுகிறார் என்று நினைத்தேன். லிஃப்டுக்கு ஏசுகிற மாதிரி.

றோ. போனை வாங்கி, சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி வைத்தாள். பாலைக் கொட்டினாள். கோப்பையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், பிறகு அதைக் குப்பைக்குள்ளேயே போட்டாள். என் வெள்ளிக் கோப்பை. நான் தடுக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே சொன்னாள்:

"பால் திரைஞ்சு போச்சு பிள்ளை. மாமி வேறை காய்ச்சுவா."

அவ்வளவுதான். வேறு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜெனியிடம் போய், வாயில் வைத்தாயோ, நாக்கில் பட்டதோ என்று கேட்டேன். "இல்லை மாமி, அம்மா பறிச்சிட்டா. ஏன்?" ஒன்றுமில்லை என்றேன். அவள் வயிற்றில் கைவைத்தேன். ஏன் என்று மறுபடியும் கேட்டாள்.

ஏசியிருக்கலாம் றோ. நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நானென்றால் சொல்லியிருப்பேன், பூசைக்குப் போய்ப் படியில் நின்றும் சொல்லியிருப்பேன். நல்லவளாய் இருக்கிறதிலும் அவளே முந்திவிட்டாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை, மாதாவே.

அக். 6, திங்கள்

கையுறை போட்டு முழுக் கிழங்கையும் கிண்டினேன். ஒன்று விடாமல். பையை இரண்டாய்க் கட்டிப் பெரிய குப்பைத் தொட்டியில். தங்கமூடிப் போத்தலும் போனது. ஸ்டெல்லாவின் நகத்தை வெட்டி, சவர்க்காரம் போட்டு, திரும்பவும் போட்டு. "பாஸ்தா அப்பம்மா, பாஸ்தா" என்று கத்தினாள். போதுமாம்.

குழுவில் போட்ட படத்தை அழிக்கத் தெரியவில்லை. கனடாவில் இருந்து இன்னும் இதயம் வருகிறது.

அக். 31, வெள்ளி

குளிர் தொடக்கம். கம்பளிச் சட்டை வெளியே எடுத்தேன். முழங்கால்.

றோ. வந்தாள். கையில் சட்டி. புல் மாதிரி இலை, நடுவில் ஒரு மொட்டு, நீலமாய்.

"மச்சாள், என்ரை பல்கனியில வெயில் காணாது. உங்கடை குழியில வைப்பம்."

பொய். நாலாம் மாடிக்கு வெயில் காணாதாம். நான் வேண்டாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா தோண்டத் தொடங்கிவிட்டாள். அம்மம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், இது அப்பம்மாவின் பூவாம். பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே தோண்டியது.

நன்றி சொல்ல வரவில்லை. கொழுக்கட்டை அவித்தேன். றோ. மூன்று சாப்பிட்டாள். வீட்டுக்கும் கேட்டாள்.

நவ. 2, ஞாயிறு

இறந்தோர் நாள். வெயில். காலையில் இந்த ஊர் வழக்கப்படி ஸ்டெல்லாவின் கட்டிலடியில் சீனிப் பொம்மை, பாதாம் மாவுப் பழம். கல்லறைக்குப் பூ, மெழுகுதிரி.

திரும்பி வந்தால் மொட்டு விரிந்திருக்கிறது. குந்தியிருந்து நானே எண்ணினேன். மூன்று சிவப்பு. முகர்ந்தால் தேன் போல, வைக்கோல் போல. அவளுடைய பல்கனி முழுக்கப் பூத்துக் கிடக்கிறதாம், ஜெனி சொன்னாள். எனக்கு ஒன்று.

மத்தியானம் றோ. வந்தாள். தானே காய்ச்சுவாள் என்று நினைத்தேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

"நீங்களே காய்ச்சுங்கோ மச்சாள். உங்கடை பூ."

பழைய பயம். மூன்று இழையையும் போட்டேன், பால் மெல்ல மஞ்சள் பிடித்தது, முட்டைக் கருவுக்குப் பக்கத்து நிறம். சாதாரண கோப்பையில் ஊற்றி ஜெனிக்குக் கொடுத்தேன். அவள் தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். கடைசிச் சொட்டு வரை.

"மாமி, அம்மா காய்ச்சிற பாலிலும் பாக்க இது நல்லாயிருக்கு. நல்ல இனிப்பு."

றோ. வாசலில்தான் நின்றாள். கேட்டிருக்கும். கட்டாயம் கேட்டிருக்கும்.

கோப்பையைக் கழுவப்போகும்போது அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பே இல்லை. பயத்தில் நான் சீனி போடவே இல்லை.