கைக்கு வந்த ஆக்சிலேட்டர்

திண்டுக்கல்,
ஆகஸ்ட் 2004

அன்பு மகள் சகாயசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் மாதா தயவில் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அவளே பார்த்துக்கொள்ளட்டும். போனில் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், எல்லாம் பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சர்க்கரையால் என் காலை வெட்டி எடுத்த பிறகு இந்த மாடி வீட்டை விட்டு நான் இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் நாற்காலியோடு ஆட்கள் தூக்கிப்போய். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கிடங்கின் சுவர். மில் பஸ் சத்தம் கேட்கும், பஸ் தெரியாது. பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டினவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். உன் பாஸ்கல் மாமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறானே, அவனிடம் வண்டி ஓட்டுகிற கேம் ஓடுகிற மாதிரி ஒன்று கேட்டேன். பாட்டுக் கேட்க, படம் பார்க்க போர்டில் இருப்பதே போதும் மச்சான், தனியா கிராபிக்ஸ் கார்டு எதுக்கு என்றான். எனக்கு ரோடு தெளிவாத் தெரியணும் மாப்ள என்றேன். அவன் கொண்டுவந்த போர்டில் கிராபிக்ஸ் கார்டு சொருக இடமே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். ஓட்டுகிறவனுக்கு முன்கண்ணாடி முக்கியம் அல்லவா, அதனால் பிராசசரைச் சின்னதாக வைத்துக்கொண்டு நல்ல கார்டாக எடுத்தோம், அதற்குத் தாங்குகிற பவர் சப்ளையும் ராமும் அவனே பார்த்துப் போட்டான். இவ்வளவு சந்தோஷமாக நான் பேசிப் பல மாதம் ஆயிற்று என்று அம்மா அவனிடம் சொன்னாளாம்.

கடைசியில் கேமுக்கான ஸ்டீரிங் வந்தது. பிரித்தால் கீழே வைத்து மிதிக்கிற பெடலும் கூடவே இருந்தது. ஆக்சிலேட்டர் வலது பக்கம், எனக்கு இல்லாத பக்கம். பாஸ்கல் முகம் செத்துப்போனது, நெனப்பே இல்ல மச்சான் என்றான். அம்மா பெடலை எடுத்துப் பரணில் போட்டாள். ஸ்டீரிங் பின்னால் இருக்கிற பட்டனுக்குப் பாஸ்கல் ஆக்சிலேட்டரை மாற்றிக் கொடுத்தான், விரலால் அழுத்தி ஓட்டுகிறேன்.

கேமில் ரோடு அழகுதான் செல்வி, ஒரு பக்கம் கடல், ஒரு குழி கிடையாது. ஆனால் டீக்கடை இல்லை, ஆள் இல்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் செத்த நேரத்தில் அதே பாலம் வந்துவிடுகிறது. பின்னால் நின்று பார்த்த உன் அம்மா, எங்க போனாலும் பொறப்பட்ட எடத்துக்கே வருதேங்க என்றாள். அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் மறுபடி போட்டேன், எனக்கு வேறு ரோடு இல்லை.

வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வாரேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம். நீ வந்து இந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் என்னால் அந்த ரோட்டைக்கூடப் பார்க்க முடியாது. இந்த வீட்டில் அடைபட்டுக் கிடக்க நான் ஒருத்தன் போதும். லீவு கிடைத்தால் வா, இருந்துவிட்டுப் போ.

சர்க்கரை நம் வழியில் உண்டு, நர்ஸாக இருந்துகொண்டு உன்னைப் பார்க்காமல் விட்டுவிடாதே, மாதம் தவறாமல் டெஸ்ட் எடு. மாதா உன்னைக் கைவிடாமல் நடத்துவாள்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
சகாயராஜ்