ஆண்டவர் பார்க்கிற மாதிரி

ஜூலை 11, 1999. ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. அரை ஈரப் புடவையோடு ஆராதனைக்கு. இவருடைய பிரசங்கம் நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். "இந்த வாரம் யார் மேல எரிச்சல் வந்தாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த ஆளை ஆண்டவர் எப்படிப் பாப்பாருன்னு கேளுங்க." பாஸ்டர் மனைவி நான். முதலில் செய்து பார்க்க வேண்டியவளும் நான்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறு பேரைக் கூட்டி வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. ரசத்தில் தண்ணீர் சேர்த்தேன். முதல் எரிச்சல். நின்றேன். பசித்தவர்களை அனுப்ப மனம் வராத மனுஷன் என்று ஆண்டவர் இவரைப் பார்ப்பாராயிருக்கும். சரி. இடுப்பு வலி மட்டும் அப்படியே.

ஜூலை 12, திங்கள்
பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பு. மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் பிள்ளைகளின் ஈர வாடை, திறந்தால் சாரல். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று.

பெங்களூர் லிங்கராஜபுரம் முழுக்கவும் ஒரே குழாய்தான் என்பதுபோல எங்கள் தெருவில் கூட்டம். பக்கத்து வீட்டு ஜெயம்மா "நீரு பந்த்து!" என்று தண்ணீர் வந்ததைக் கன்னடத்தில் கத்தி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, என் குடத்தைத் தள்ளித் தன் குடத்தை வைத்தாள். நின்றேன், கேட்டேன். அவள் வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு தம்பி. ஆண்டவருக்கு அது தெரியும். எனக்குக் கிடைத்தது பாதிக் குடம்.

வாங்க: து. பருப்பு, துணி சோப்பு, தைலம்.

ஜூலை 14, புதன்
விடிந்ததும் வாசலில் எஸ்தர். கார்மெண்ட்ஸில் தைக்கிறவள், நம் பாடகர் குழுவில் பின்வரிசை. உதடு கிழிந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. புருஷன் சார்லஸ் குடித்துவிட்டு அடிப்பது சபைக்குத் தெரியும். இவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"முன்னாடியே வரக்கூடாதாடி?"

"பாஸ்டர் சொன்னாருல்லக்கா. எங்க வீட்டுக்காரரை ஆண்டவர் பாக்குற மாதிரி பாக்கணும்னு ஞாயித்துக்கிழமைலருந்து பாக்குறேன். அடிக்கும்போதுகூட அதான் நெனச்சிட்டிருந்தேன். முடியலக்கா. என் விசுவாசம் பத்தல."

ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தேன். பிறகு கேட்டேன்: "உன்ன ஆண்டவர் எப்படிப் பாக்குறாரு?"

"என்னையா?" என்றாள்.

ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு.

சாயங்காலம் இவர்: "ரெண்டு நாள் இருக்கட்டும், ஜெசி. அப்புறம் அவனைக் கூப்பிட்டுப் பேசி சேத்து வச்சிடலாம். குடும்பம் பிரியக்கூடாது."

"நீங்க சொன்னத நம்பித்தாங்க அவ அடி வாங்கிட்டு நின்னா."

சாப்பிடாமல் எழுந்து போனார். நான் போய்ச் சமாதானம் பேசவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

ஜூலை 15, வியாழன்
பள்ளியிலிருந்து வந்தால் கூடத்தில் சார்லஸ். குடிக்கவில்லை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை. அழுதான். "தப்புதான் பாஸ்டர். அவள அனுப்புங்க. இனிமே தொடமாட்டேன்."

அழுகை பொய்யில்லை. ஆண்டவர் இவனையும் பார்க்கிறார் என்று நினைத்தேன், பாவமாகக்கூட இருந்தது. பாவமாயிருக்கிறதென்று அவளை எப்படிக் கொடுப்பது?

இவர் எஸ்தரை அழைக்க உள்ளே போனார். நானும் பின்னால். அவர் கையை நீட்டி "வாம்மா" என்றதுதான். நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கிவிட்டாள். இவரைப் பார்த்து! யாரிடமும் குரல் உயர்த்தாத இவரைப் பார்த்து.

நீட்டிய கை அப்படியே நின்றது. வெளியே வந்து சொன்னார்: "சார்லஸ், அவ வரமாட்டா. நீ மொதல்ல குடிய விடு. தினம் வேணும்னாலும் வா, நான் உங்கூட உக்காந்து ஜெபிக்கிறேன். ஆனா திரும்பி வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

அழுகை நின்றது. கேட்டை உதைத்தான். "பாஸ்டரா நீ? குடும்பத்தக் கெடுக்குறவன்!" தெருவே வேடிக்கை பார்த்தது. போனபிறகு இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைவலி.

ஜூலை 17, சனி
எஸ்தரின் அக்கா கோலார் தங்கவயலில். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒரு பை, மாற்றுத்துணி இரண்டு. திரும்பும்போது ஆட்டோவில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்து எத்தனை நாள் ஆயிற்று!

ஜூலை 18, ஞாயிறு
வெயில், ஒருவழியாக. இவர் பீடத்தில் ஏறி வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு: "போன வாரம் நான் பாதிதான் சொன்னேன். அடிக்கிறவனை ஆண்டவர் நேசிக்கிறார், உண்மை. அடிபடுறவளையும் பாக்குறார். அவ இன்னும் அடி வாங்கட்டும்னு பாக்கல. இதச் சொல்லாம விட்டது என் தப்பு."

சபைச் செயலாளர் சார்லஸுக்கு மாமா முறை. வாசலில் என்னிடமே, "வீட்டு விஷயத்தையெல்லாம் பீடத்துல பேசுனா எப்படிங்க? மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும்" என்றார். மாற்றல் என்றால் மறுபடி மூட்டை கட்டவேண்டும். நினைத்தாலே அலுப்பு.

மூன்று பெண்கள் கை கொடுத்தார்கள். ஒருத்தி கையை விடவே இல்லை. நாளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 19, திங்கள்
பள்ளிக்குக் கிளம்பும்போது போன். எஸ்தர். கை எப்படியிருக்கிறதென்று கேட்டேன்.

"தூங்கிட்டேன்க்கா. நேத்து மத்தியானம் படுத்தவ இப்பதான் எந்திரிச்சேன். யாரும் எழுப்பல."