செழுவயல் கண்டத்தின் வரைபடம்

12.10.91, சனி

காலையிலிருந்து தூறல். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் ஈரம். பழைய பேப்பர் போட்டு உட்கார்ந்தேன். நானும் தனசேகரும் நடத்தும் சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கு வரைபடம் முடிந்தது. தொடர்கதை நடக்கும் கிரகம், முழுக்க விவசாயம். ஒரே கண்டம். பெயர் செழுவயல்.

- மேற்கே மலை, கிழக்கே கடல்.
- வடக்கே செம்மண், கடலை. தெற்கே களி, நெல், மூன்று போகம்.
- நடுவே எழுபது ஏரிகள். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்ததற்கு.
- மழை சாயங்காலம் மட்டும். (ஆசைதான்.)
- சாமி இல்லை, பட்டா இல்லை, சாதி இல்லை.

கடைசி வரியில் கொஞ்சம் பெருமை.

13, ஞாயிறு

தனசேகர் வந்தான். ஆவடியில் லேத் பட்டறை. ஞாயிறு மட்டும் லீவு. எங்கள் வீட்டில் அவனை உட்காரவைக்க மாட்டார்கள். காலனியில் அவன் வீட்டில் மழைத் தண்ணீர். ஆகவே அதே பெஞ்ச். கதையில் நிலத்தை நான் எழுதுவேன், மனிதர்களை அவன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது, கலங்கலுக்குக் கீழ?"

"நடவாளுங்க குடியிருப்புடா. வயலுக்குக் கிட்ட."

"மேட்டுல?"

"ஊர்."

"ஏரி ரொம்பினா தண்ணி எங்க பூரும்?"

கலங்கலிலிருந்து விரலை ஓட்டினேன், குடியிருப்பில் போய் நின்றது.

"வேற கெரகத்துக்குப் போயும் எங்க ஊட்டப் பள்ளத்துலதான் வச்சிக்கீற. நல்லா கீது நைனா, உன் செழுவயலு."

சிரித்தபடிதான் சொன்னான். எழுதிக் கொண்டுவந்த அத்தியாயத்தைத் தராமலே போய்விட்டான்.

16, புதன்

மழை விடவில்லை. துணி காயவில்லை.

யோசித்துப் போட்டதில்லை அது. முதலில் மதகு, அதன் வாயில் நல்ல நிலம், மேட்டில் ஊர், மிச்ச இடத்தில் மிச்ச ஆட்கள். கை தானாகவே எங்கள் ஊரை வரைந்திருக்கிறது. 'சாதி இல்லை' என்று எழுதிய அதே கை. அயோக்கியத்தனம்.

ரயிலில் என்னைப் பார்த்துவிட்டு தனசேகர் வேறு பெட்டியில் ஏறினான். கதை நின்றால் நிற்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து உள்ள சிநேகிதம் நிற்கக் கூடாது.

19, சனி

புதுப் படம். எல்லோரும் மேட்டில், பள்ளத்தில் வெறும் புல். பட்டறை வாசலில் காட்டினேன். கையெல்லாம் ஆயில், தொடாமல் குனிந்து பார்த்தான்.

"அல்லாரும் மேட்லயா? டூப்பு. உங்கப்பா ஒரு அடி வுடுவாரா?"

மாட்டார்.

"அப்ப நீயே சொல்லு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு பழைய படத்தைக் கேட்டான். ஒரு வீட்டையும் அழிக்கவில்லை. இரண்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றினான். மேட்டில் குடியிருப்பு. கலங்கலுக்குக் கீழே ஊர்.

"ஒரு மழைக்கு நீங்க இருந்து பாருங்க. அப்பால எல்லாருக்கும் மேட்டுல எடம் பத்துதான்னு பேசலாம். இதப் போட்டா மீதிக் கதைய எழுதறேன்."

20, ஞாயிறு

ஸ்டென்சில் வேலை. மெழுகுத் தாள், ஊசிப் பேனாவால் கீறினால் கீறியதுதான். இதழ் எங்கள் ஊர் வாசகசாலைக்கும் போகும். கரையின் வளைவைப் பார்த்தாலே எங்கள் ஏரி என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

மலை, கடல், எழுபது ஏரிகள், மேட்டில் குடியிருப்பு. மளமளவென்று முடிந்தது. பள்ளத்துக்கு வந்ததும் கை நின்றது. தாளில் என்ன நனைந்துவிடப்போகிறது? ஆனாலும் வரவில்லை. பத்து நிமிடம்.

தனசேகர் எதிரில். அவசரப்படுத்தவில்லை.

"இன்னா மச்சான், தண்ணி வந்துடுச்சா?"

கீறினேன்: ஊர்.